பிரேக் பேசுகிறது, நாம் கேட்கிறோமா?

"சத்தம் வருதா? பேட் மாத்து. பெடல் இறங்குதா? கிட் மாத்து." பல ஒர்க்‌ஷாப்புகளில் பிரேக் வைத்தியம் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. டிப்ளமோ முடித்து நாமும் இதையேதான் செய்யப்போகிறோம் என்றால், மூன்று வருடம் இங்கே படிப்பது எதற்கு? பார்ட்ஸ் மாற்றுவது வேறு, கோளாறைக் கண்டுபிடிப்பது வேறு. இரண்டாவதைச் செய்பவனே டெக்னீஷியன் என்பது என் கட்சி.

உதாரணத்துக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக்கொள்வோம். "ஜீயபுரத்துக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று சிரிக்க வேண்டாம். 1961 முதல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்த ஹெரால்டு காரை நம் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். அதே ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. ஆக, அது நமக்குச் சித்தப்பா வீட்டுப் பிள்ளை மாதிரிதான். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பெடலுக்கும் பிரேக்குக்கும் நடுவில் எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி வேண்டுமா?

இப்படி ஒரு வண்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓனர் இரண்டு புகார் சொல்கிறார். ஒன்று, முன் சக்கரத்தில் கிறீச் சத்தம். இன்னொன்று, மலை இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. நம்மில் பலர் இதை இரண்டு வியாதி என்று நினைத்து, பேடையும் மாற்றி மாஸ்டர் சிலிண்டர் கிட்டையும் மாற்றி பில் போட்டுவிடுவோம். ஒரே மாதத்தில் வண்டி திரும்பி வரும்.

ஏன்? ரப்பர் ஹோஸ் வயதாகி உள்ளே ஊதிப்போனால் ஒருவழி வால்வு மாதிரி ஆகிவிடுகிறது. மிதிக்கும் காலின் பலத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும். காலை எடுத்தால் திரும்பி வராது. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும், சூடேறும், பளபளவென்று கண்ணாடியாகி அலறும். அந்தச் சூடு காலிப்பரில் இருக்கும் ஆயிலுக்கும் ஏறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 140 டிகிரிதான். காரவள்ளிக்கு மேலே கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பாருங்கள். இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் அமுக்குவது ஆயிலை அல்ல, ஆவியை! பழைய வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட் வேறு. அப்புறம் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மிஷின் எதுவும் தேவையில்லை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பெடலை மிதித்துவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் முதலில் மாஸ்டர் சிலிண்டரில் பைப்பைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலே: புஷ்ராடில் பிளே இல்லை, அல்லது சிலிண்டரின் சின்ன துவாரம் அடைத்திருக்கிறது. விடுபடவில்லையா? பிளீடிங் நிப்பிளைத் திறங்கள். இப்போது விடுபட்டால் குற்றவாளி ஹோஸ்தான். அதற்கும் அசையாவிட்டால் பிஸ்டன் இறுகிக்கிடக்கிறது. ஐந்து நிமிட வேலை!

பெடலும் இதே மாதிரி பேசும். லேசாக மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்குகிறதா? வெளியே ஒழுகல் இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் உள்ளுக்குள் விடுகிறது. பஞ்சு மாதிரி இருந்து, பம்ப் பண்ணினால் கெட்டியாகிறதா? ஏர் பிடித்திருக்கிறது. பெடல் கெட்டிதான், ஆனால் கீழே போய்த்தான் பிடிக்கிறது, இரண்டாம் மிதியில் மேலே வருகிறது என்றால் பின் டிரம்மில் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் பாருங்கள். இந்த மூன்றுக்கும் ஒரே மருந்தாகக் கிட் மாற்றுவது என்ன நியாயம்?

சத்தத்திலும் ஜாதி உண்டு. கிறீச் என்பது பேடும் டிஸ்க்கும் பிடித்து விட்டு, பிடித்து விட்டு அதிர்வதால் வருவது. பேட் தேய்ந்துவிட்டது என்று மட்டும் அர்த்தமில்லை. கரகரவென்று அரைத்தால் லைனிங் தீர்ந்து ரிவெட் டிரம்மைச் சுரண்டுகிறது. வண்டியை நகர்த்தவே கூடாது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு முறை வரும் சத்தத்துக்கு டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். மழை இரவுக்கு மறுநாள் காலை முதல் நாலு மிதியில் வந்து மறைவது வெறும் துரு.

இந்தச் சத்தம் டிஸ்க் பிரேக்கோடு கூடப்பிறந்தது. 1902-ல் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியபோது, செம்பு உரசிய அலறலே பெரிய தலைவலியாம். பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் வந்து காதைக் காப்பாற்றியது, நுரையீரலைக் கெடுத்தது. பழைய லைனிங் தூசியை ஏர் அடித்து ஊதும் பழக்கத்தை நாம் அடியோடு விட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

"ஓனருக்கு அவசரம், டெஸ்ட் பண்ண நேரம் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்து, அதே வண்டியை மறுபடி மறுபடி பிரிப்பதுதான் நேர விரயம். தேவையில்லாத பார்ட்ஸுக்கு ஓனர் கொடுக்கும் காசும் யாரோ உழைத்த காசுதானே.

நம் பரீட்சையிலோ "படம் வரைந்து விளக்குக" என்பதோடு பிரேக் பாடம் முடிகிறது. அழகாகப் படம் வரைபவனுக்கு மார்க். இறுகிய சக்கரத்தை விடுவிக்கத் தெரிந்தவனுக்கு? எனவே மாணவர் பேரவை சார்பில் நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை வைப்போம். ஆய்வகத்தில் ஒரு பழைய காரை நிறுத்தி, பிரேக்கில் ஆசிரியர்களே வேண்டுமென்று கோளாறு வைக்கட்டும். எந்த நட்டையும் கழற்றும் முன், எது கோளாறு, ஏன் என்று மாணவன் தாளில் எழுதட்டும். அதற்கு மார்க் போடுங்கள்.

அதுவரை நாமே தொடங்கலாம், நண்பர்களே. அடுத்த முறை பிரேக் வேலை வந்தால் முதலில் பெடலை மிதித்துப் பாருங்கள், சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். ஸ்பேனர் அப்புறம்.

– இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன், ஜீயபுரம்