எள்ளி நகையாடற்க!

தேர்தல் முடிவு வெளிவரும் நாள்களில் நம்மவர் கூடும் இடங்களில் ஒரு பேச்சுத் தவறாமல் எழுகின்றது. "உதயசூரியனுக்கு வாக்களிப்போர் படித்தவர், சிந்திப்பவர், இரட்டை இலைக்கு வாக்களிப்போர் திரைப்பட மயக்கத்தில் ஆழ்ந்த பாமரர், அதிலும் பெண்கள்!" என்பது அப்பேச்சு. மறுதரப்பாரும் வாளாவிருப்பதில்லை. "அவர்கள் மேடைச் சொல்லுக்கு மயங்கியவர்கள்; ஏழையின் பசி அறியாதவர்கள்" என்று திருப்பித் தாக்குகின்றனர். இவ்விரு பேச்சையும் நாம் மறுக்கிறோம். அறிவும் இவற்றை ஏற்காது. தீன் நெறியும் ஏற்காது.

வேறுபாடே இல்லையென்று நாம் வாதிடவில்லை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்ட நாள் தொட்டு, அக்கட்சிக்குப் பெண்களிடமும் நாட்டுப்புற ஏழைகளிடமும் செல்வாக்கு மிகுந்திருந்தது. தி.மு.கழகத்திற்கு நகரத்தாரிடமும் ஆசிரியர், அரசு ஊழியர், மாணவர் ஆகியோரிடமும் ஆதரவு மிகுந்திருந்தது. ஆய்வாளர் பலரும் கூறுவதே இது. ஆயின், ஏன் அவ்வாறு அமைந்தது என்று கேட்பவர் எத்தனை பேர்?

தி.மு.கழகம் வளர்ந்த இடங்கள் யாவை? படிப்பகம், தேநீர்க்கடை, முடிதிருத்தும் நிலையம், இரவுப் பொதுக்கூட்டம். ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்ட இடங்கள் அவை. ஏழைப் பெண்ணொருத்தி அங்கே சென்று அமர முடிந்ததா? அவளுக்குத் திறந்திருந்த வாசல்கள் வேறு. திரையரங்கும், ரேஷன் கடை வரிசையும், 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபின் தன் பிள்ளை உணவுண்ட கூடமுமே அவள் அரசியலைக் கண்ட இடங்கள். அவரவர்க்குத் திறந்த வாசல் வழியே அவரவர் வந்தனர். வாசலின் வேற்றுமையை அறிவின் ஏற்றத்தாழ்வாகக் காட்டுவது என்ன நீதி? பிள்ளையின் வயிறு நிறைந்ததைக் கண்ணால் கண்டு வாக்களித்தவளைக் காட்டிலும், சொற்பொழிவைக் காதால் கேட்டு வாக்களித்தவன் எவ்வகையில் உயர்ந்தவன்?

ஒரு சாரார் உரிமை பேசுவர், மறுசாரார் வள்ளன்மையைப் போற்றுவர் என்றும் பிரித்துக் காட்டுவர். காலம் அந்தக் கோட்டையும் அழித்துவிட்டது. 2006இல் தி.மு.கழகம் இலவச வண்ணத் தொலைக்காட்சியை வாக்களித்தது, 2011இல் அ.தி.மு.கழகம் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்றது. 2023 செப்டம்பரில் தி.மு.கழக அரசு குடும்பத் தலைவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதற்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்றே பெயரிட்டது. கொடையும் உரிமையும் ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்தன. இன்னும் எதை வைத்துப் பிரிப்பது?

வாக்காளர் தொழுவத்தில் கட்டிய மாடுகள் அல்லர். 1980 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் 39 தமிழக இடங்களில் 37ஐத் தி.மு.கழக-காங்கிரஸ் அணிக்கு அளித்த மக்களே, அவ்வாண்டு மே மாதத்தில் எம்.ஜி.ஆரை மீண்டும் கோட்டைக்கு அனுப்பினர். 2019 ஏப்ரல் 18 அன்று நடந்த வாக்குப்பதிவில் இராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியை முஸ்லிம் லீகின் ஏணி வென்றது. அத்தொகுதிக்குள் அடங்கிய பரமக்குடியில் அன்றே நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலை இரட்டை இலை வென்றது. இத்தகைய மக்களையா மயங்கியவர் என்பது?

நம்மைப் பற்றிப் பிறர் சொல்வதையும் எண்ணிப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் நாம் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. நம்மை 'ஓட்டு வங்கி' என்கின்றனர். கேட்டதும் நம் உள்ளம் கொதிக்கின்றது. 1967இல் காயிதே மில்லத் தலைமையில் லீக் தி.மு.கழகத்தோடு நின்றது. 2011இல் மனிதநேய மக்கள் கட்சி அ.தி.மு.கழக அணியில் நின்று இரு இடங்களை வென்றது. 2016இல் அக்கட்சியே தி.மு.கழக அணியில் நின்றது. 2007இல் கிடைத்த 3.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டையும் நாம் நிறுத்துப் பார்த்தோம். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு மாநிலங்களவையில் அ.தி.மு.கழகம் கைதூக்கியதையும் நிறுத்துப் பார்த்தோம். நமக்குத் தராசு உண்டெனில், கூலி வேலை செய்து பிழைக்கும் சகோதரிக்கு மட்டும் தராசு இல்லையா? நம்மேல் எறியப்பட்ட கல்லையே எடுத்து அவள்மேல் எறிவது முறையாமோ?

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைக் கேலி செய்வதைத் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் விலக்குகின்றது. கேலி செய்யப்படுவோரே மேலானவராய் இருக்கக்கூடும் என எச்சரிக்கின்றது. பெண்களைத் தனியே குறித்தும் அவ்வாறே சொல்கின்றது. அடுத்த வசனத்தில் வீண் ஐயம் கொள்வதையும் தடுக்கின்றது. இதை ஓதும் நாவே பிறரைப் பாமரர் என்று பழிக்கலாமா?

இறுதியாக ஒன்று, இது நம் வீட்டுக்குள்ளேயே கேட்க வேண்டிய கேள்வி. பெண்கள் சிந்தியாமல் வாக்களிக்கின்றனர் என்று திண்ணையில் அமர்ந்து பேசுவோரில் எத்தனை பேர், தம் மனைவியிடமும் மகளிடமும் "உன் கருத்து யாது?" என்று கேட்டிருக்கின்றனர்? சின்னத்தைச் சொல்லி அனுப்புகின்றோம். பிறகு அவர்களுக்குச் சிந்தனை இல்லையென்கின்றோம்! வாக்கு ஒரு ஷஹாதத், சாட்சியம் என்று உலமாக்கள் பலர் விளக்குவர். சாட்சியம் கண்டவருக்கே உரியது. ஒருவர் கண்டதற்கு மற்றொருவர் சாட்சி சொல்ல இயலாது. ரேஷன் கடையின் வரிசையில் நின்றவள் அவள். மருத்துவமனையில் காத்திருந்தவள் அவள். விலைவாசியை உலையில் அளந்தவள் அவள். அவள் கண்டதை அவளே சொல்லட்டும். சின்னம் எதுவாயினும், கேட்டறிந்த பின் கருத்து வேறுபடுவோம். கேளாமல் நகைப்பதை இன்றோடு விடுவோம்.