பரீட்சை பயத்துக்கு எது மருந்து?

கணக்குப் பரீட்சை என்றாலே எனக்குக் கை சில்லிட்டு, வயிற்றைக் கலக்கும். பாட்டி மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் வல்லாரைப் பொடி வாங்கித் தந்தாங்க. ஒரே கசப்பு! பயம் போகலை. அத்தை, 1976-ல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தில் (மந்தைவெளியில் இருக்கு) யோகா கற்றவங்க. அவங்க சொன்னது: நாலு எண்ணி மூச்சை இழு, எட்டு எண்ணி விடு. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு குறையுமாம். பத்து தடவை செய்தேன், நடுக்கம் நின்றது. படிக்காத கணக்கு வராதுதான்! படிச்சது மறக்கலை. தினமும் தூக்கமே வராத அளவுக்குப் பயம் இருந்தா மூச்சு மட்டும் போதாது; 14416-க்கு இலவசமாகப் பேசலாம். டீச்சர், வினாத்தாள் தரும் முன் மிரட்டாமல், எங்களுக்கு இரண்டு நிமிடம் தருவீங்களா?