முற்றுப்பெறாத கோடுகளுக்கும் ஓர் இடம்

பூவேலை செய்யும் பெண்களிடம் பெரும்பாலும் ஒரு கொப்பி இருக்கும். அவசரத்துக்கு அது கையில் கிடைக்காவிட்டால் கலண்டர் தாளின் பின்பக்கம், பிள்ளையின் பழைய பயிற்சிக் கொப்பி என எதிலாவது கீறி வைப்போம். கழுத்து வளைவுக்கு ஒரு கொடி, கைக்கு ஒரு கரை, பக்கத்தில் மூன்று நூல்களின் நிறம். வேலை முடிந்ததும் சட்டை வாடிக்கையாளரிடம் போய்விடும். கீறிய தாள் குப்பைக்குப் போய்விடும். தைத்ததற்குக் கூலி கிடைக்கும். யோசித்ததற்கு எந்த அடையாளமும் மிஞ்சாது.

இம்மாதம் டெப்பில் பாவிக்கும் டிஜிட்டல் வெண்பலகையைப் பற்றி எழுத நினைத்ததற்குக் காரணம் இதுதான். இது அலுவலகக் கூட்டங்களுக்கும் வகுப்புகளுக்கும் உரியது என்றே பலர் எண்ணுகிறார்கள். நான் இதனைச் சாறிச் சட்டைகளுக்கான பூவேலை மாதிரிகளை வரையப் பாவித்து வருகிறேன். கைவேலை செய்யும் எவருக்கும் இது உதவும்.

தாளுக்கு நான்கு ஓரங்கள் உண்டு. இந்தப் பலகைக்கு ஓரம் இல்லை. இரண்டு விரல்களால் தள்ளத் தள்ள இடம் வந்துகொண்டே இருக்கும். அதில் கீறலாம், எழுதலாம், படம் ஒட்டலாம். ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு அப்பிள் நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியிட்ட பிரீபோர்ம் என்னும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. அன்ட்ரொய்ட் டெப் என்றால் கொன்செப்ட்ஸ் என்ற செயலி உண்டு. அதில் அடிப்படை வரைதல் இலவசம், சில மேலதிக வசதிகளுக்குப் பணம் கட்ட வேண்டும். இரண்டிலும் வரைவதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை. விரலே போதும். நுணுக்கமான வேலைக்கு றப்பர் முனை கொண்ட தொடுதிரைப் பேனை ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

நான் செய்யும் முறை இது. முதலில் சாறிக் கரையைப் படம் பிடித்துப் பலகையின் நடுவில் வைப்பேன். அதன் அருகில் முதல் மாதிரியைக் கீறுவேன். மாற்றம் செய்ய வேண்டுமானால் அதைத் தொடமாட்டேன். அப்படியே பிரதி எடுத்து, பிரதியில்தான் மாற்றுவேன். தாளில் அழிறப்பர் பாவித்தால் முதல் யோசனை போய்விடும். இங்கே ஐந்து யோசனைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். "முதல் கீறினதுதான் அக்கா நல்லா இருந்தது" என்று வாடிக்கையாளர் இரண்டு நாள் கழித்து வந்து சொன்னால், அந்த முதல் மாதிரி அங்கேயே இருக்கும். கல்யாணச் சட்டைக்குப் பொருந்தாத ஒரு கொடி, ஆறு மாதம் கழித்துத் தலையணை உறையின் மூலைக்குப் பொருந்தலாம்.

கரை வேலைக்கு இது இன்னும் நல்லது. ஒரு மாங்காயை மட்டும் ஒழுங்காகக் கீறினால் போதும். அதைப் பிரதி எடுத்து வரிசையாக வைத்தால், மூலை திரும்பும் இடத்தில் பூ அரைவாசியில் வெட்டுப்படுமா என்பது ஊசி எடுக்குமுன்பே தெரிந்துவிடும். கையால் ஒரே மாங்காயை இருபது தடவை கீறும் நேரம் மிச்சம்.

ஆனால் திரை எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. முதலாவது அளவு. பெருப்பித்தும் சிறுப்பித்தும் பார்க்கும் பலகையில் ஓர் அங்குலம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு மாதிரியின் அருகிலும் அளவை எழுதி விடுங்கள். படம் பிடிக்கும்போது துணியின் மேல் அளவுநாடாவை வைத்துப் பிடியுங்கள். இரண்டாவது நிறம். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து நிறத்தைக் காட்டுகிறது. நூலோ தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் நிறம் காட்டுகிறது. திரையில் மின்னும் மயில்நீலம் கடையில் உள்ள எந்த நூற்கட்டையிலும் இல்லாமல் போகலாம். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், துணியின் மேல் நூலை வைத்தே முடிவு செய்யுங்கள். நூலின் இலக்கத்தைப் பலகையில் குறித்து வையுங்கள்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். யோசித்த வேலைக்கு அடையாளம் மிஞ்ச வேண்டும் என்றால், அந்தப் பலகை உண்மையில் யாருடையது என்று கேட்க வேண்டும்.

கூகுள் நிறுவனத்திடம் ஜாம்போர்ட் என்று ஒரு வெண்பலகைச் செயலி இருந்தது. கொரோனா காலத்தில் பல ஆசிரியர்கள் அதில்தான் படிப்பித்தார்கள். அதனை நிறுத்தப் போவதாக அந்நிறுவனம் 2023 இல் அறிவித்தது. 2024 ஒக்டோபரில் அதில் புதிதாக எதையும் எழுத முடியாமல் போனது. அவ்வருடம் டிசம்பர் 31 உடன் சேவையே முடிந்தது. இத்தனைக்கும் அது உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று. அறிவித்தலைப் பார்த்துப் பிரதி எடுத்தவர்களிடம் வேலை மிஞ்சியது. ஆகவே முடிந்த மாதிரிகளை மாதம் ஒரு தடவையாவது பீ.டி.எப் கோப்பாகவோ படமாகவோ மாற்றி, பென்டிரைவ் ஒன்றில் சேமியுங்கள். மிக நல்லவற்றை அச்சிட்டுக் கோவையில் வையுங்கள்.

அடுத்தது கணக்கு. எங்கள் வீடுகளில் டெப் பெரும்பாலும் பிள்ளையின் படிப்புக்கென வாங்கப்பட்டது. கணக்கும் பிள்ளையின் பெயரிலோ கணவரின் பெயரிலோ இருக்கும். கடவுச்சொல் அவர்களுக்கே தெரியும். மகன் வெளிநாடு போகும்போது டெப்பையும் கொண்டு போனால் தாயின் மூன்று வருட மாதிரிகளும் கூடவே போய்விடும். இதில் யாரும் கெட்டவர்கள் அல்லர், ஒருவரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, உங்கள் வேலையை அந்தக் கணக்கில் வையுங்கள். கடவுச்சொல்லை நீங்களே தெரிந்து வைத்திருங்கள்.

மூன்றாவது, பகிர்வது. இப்படியான பலகைகளை இணைப்பு ஒன்றின் மூலம் பிறருக்குக் காட்டலாம். அப்போது செயலி இரண்டு கேள்விகள் கேட்கும். அழைத்தவர் மட்டும் பார்க்கலாமா, இணைப்புக் கிடைத்த எவரும் பார்க்கலாமா? பார்க்க மட்டுமா, மாற்றவும் விடலாமா? யோசிக்காமல் பொத்தானை அழுத்தினால், ஒரு மாதிரியை விரும்பிக் கேட்ட மொத்த வியாபாரி உங்கள் பலகை முழுவதையும் பார்த்துவிடுவார். அந்த ஒரு மாதிரியை மட்டும் படமாக எடுத்து அனுப்புவதே பாதுகாப்பு.

சட்டமும் எங்களுக்குத் துணை நிற்கிறது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்களே ஆக்கிய ஒரு சித்திரத்துக்கு, அதை ஆக்கியதிலிருந்தே பதிப்புரிமை உண்டு. அதற்குப் பதிவு தேவையில்லை. ஒரு பொருளின் வடிவமைப்பையே கைத்தொழில் வடிவமைப்பாகப் பாதுகாக்க விரும்பினால், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்பதிவு 5 வருடங்களுக்குச் செல்லுபடியாகும். இரு தடவை புதுப்பிக்கலாம். ஆனால் அது புதிய வடிவமாக இருக்க வேண்டும், எனவே ஊருக்கெல்லாம் காட்டுமுன் பதிவைப் பற்றி விசாரியுங்கள். மாங்காயும் அன்னமும் எங்கள் பாட்டிமாரின் பொதுச்சொத்து, அவற்றை எவரும் தன்னுடையது என்று சொல்ல முடியாது. நீங்கள் அவற்றை அடுக்கிய விதம் உங்களுடையது. அதை எப்போது, எப்படி உருவாக்கினீர்கள் என்று காட்ட, ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்த ஐந்து மாதிரிகள் ஒரே பலகையில் இருப்பது நல்ல ஆதாரம். ஒவ்வொன்றின் கீழும் திகதியும் பெயரும் எழுதுங்கள்.

பல மாதர் சங்கங்களில் ஒரே ஒரு டெப்தான் இருக்கும். அதில் எல்லோரும் ஒரே பலகையில் கீறினால் யார் கீறியது எது என்பது நாளடைவில் மறந்துபோகும். ஒவ்வொரு அங்கத்தவருக்கும் அவரவர் பெயரில் ஒரு பலகை திறந்து கொடுங்கள். மாத முடிவில் யார் பொறுப்பாகப் பிரதி எடுப்பது என்பதை அடுத்த கூட்டத்திலேயே பேசி, கூட்ட அறிக்கையில் எழுதி வையுங்கள்.