கொம்பனும் மோழையும்

கண்டி மாநகரில் எசல பெரஹரா நிகழும் காலந்தோறும் நம் மாணாக்கர் எழுதும் கட்டுரைகளில் 'ரஸ்கர்' என்னுஞ் சொல்லும் தவறாது ஊர்வலம் வருகின்றது. 'எலிபன்ற்' யானையாயின் 'ரஸ்கர்' யாதென வினவின், 'தந்த யானை' என்பர். தந்த யானையாவது தந்தத்தாற் கடைந்தெடுத்த பொம்மையன்றோ! அதன் முதுகிற் பேழையை ஏற்றுவது எங்ஙனம்?

ஆங்கிலச் சொல்லின் வரலாறு சுவையுடையது. அதன் மூலமாகிய கிரேக்கச் சொல் ஹோமரின் காவியங்களில் தந்தத்தையே குறித்தது; விலங்கின் பெயரானது பின்னரே. தந்தத்தாற் பெயர்பெற்ற அவ்விலங்குக்கு நம் நாட்டில் தந்தமே அரிது. பிடிகளுக்கு நீண்ட தந்தம் இல்லை; ஆண்யானைகளுள்ளும் நூற்றுக்குப் பத்துக்குக் குறைவானவையே கொம்புடையன. அதனாற்போலும் சிங்கள மக்கள் கொம்புடையதை 'எத்தா' என்றும் இல்லாததை 'அலியா' என்றும் பிரித்து வழங்குவர். தலதா மாளிகையின் புனிதப் பேழையைச் சுமப்பது எத்தாவே. நெடுங்காலம் அதனைச் சுமந்து 1988 இல் இறந்த 'ராஜா'வின் உடல் பதஞ்செய்யப்பெற்று மாளிகை வளவில் இன்றும் வைக்கப்பட்டுள்ளது.

தமிழ் இவ்வேறுபாட்டை அறியாததன்று. பிடி என்பது பெண்யானைக்கே உரிய பெயரெனத் தொல்காப்பிய மரபியல் வரையறுக்கின்றது. களிறு ஆண், அது பன்றிக்கும் ஆகும் என்பது வேறு செய்தி. ஆயினும் களிறு 'ரஸ்கர்' ஆகாது. கொம்பில்லா ஆணும் களிறே. மொழிபெயர்ப்பாளர் பலர் இடறுமிடம் இதுவே. கொம்பின்மை கண்டு ஆணைப் பிடியென எழுதிவிடுவாரும் உளர்.

கொம்புடையது கொம்பன்; இல்லாதது மோழை. மோழை என்பது மாட்டுக்குரிய சொல்லெனத் தடை கூறுவார்க்கு, மலையாளத்தார் 'மோழ' என அதனையே யானைக்கு வழங்குவதைக் காட்டுவேன். தமிழ்நாட்டு வனத்துறையாரோ 'மக்னா' என்னும் வடநாட்டுச் சொல்லைக் கைக்கொண்டுவிட்டனர். செய்தித்தாள்களும் அவ்வழியே சென்றன. கொம்பனுக்கு அந்நிலை நேரவில்லை. 2023 இல் கேரளத்திலிருந்து கம்பம் நகருட் புகுந்த 'அரிக்கொம்பன்' அச்சொல்லைத் தமிழிதழ்களில் மீண்டும் உலவவிட்டது. ஒரு காட்டுயானை செய்த மொழித்தொண்டு இது!

வரும் பெரஹராவின்போது, 'மாளிகைக் கொம்பன் பேழை சுமந்தது' என ஈழத்து இதழொன்றேனும் அச்சிடுமாயின், அத்துண்டை வெட்டி என் வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைப்பேன்.