சீனித்துளசி: எதற்கு மாற்று, எதற்கு மாற்றன்று

ஆய்வுக்காக ஊர்களுக்குச் செல்லுங்கால் நமக்குக் கிடைக்கும் முதல் உபசாரம் தேநீர்தான். சங்கக் கட்டடத்தில் ஒன்று, தலைவர் இல்லத்தில் ஒன்று, தறிகளைப் பார்வையிடும்போது வீட்டுக்கொன்று. மறுத்தால் மனம் நோவார்கள். ஒப்புக்கொண்டாலோ பகலுணவுக்கு முன்பே ஆறேழு தம்ளர் உள்ளே போய்விடும். ஒவ்வொன்றிலும் சீனி தாராளம். விருந்தினருக்குச் சீனியைக் குறைத்துப் போடுவது கருமித்தனம் என்பது நம் இல்லங்களின் அசையாக் கொள்கை.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தில் இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் அங்கத்தினர் பாவும் ஊடையும் பெற்றுச் சென்றதற்குப் பதிவு இருந்தது. துணி ஒப்படைத்ததற்குப் பதிவு இல்லை. இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. நூல் வெளியே விலைபோயிருக்குமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. நேரில் கண்டுவரலாம் என்று அவர் இல்லத்திற்குச் சென்றோம். நூல் பத்திரமாகத் தறியிலேயே இருந்தது, பாதி நெய்த நிலையில். நெசவாளர்தாம் கட்டிலில் இருந்தார், வலக்காலில் பெரிய கட்டுடன்.

அவருக்கு நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகள் ஆயின. அரசு மருத்துவமனை மாத்திரைகளை ஒழுங்காக உண்டு வந்தவர், எவரோ கொடுத்த சீனித்துளசி நாற்று இரண்டைக் கொல்லையில் வைத்து, அதன் இலையைத் தேநீரில் போட்டுக் குடிக்கத் தொடங்கினார். அதுவரை நன்று. “இலை தின்றாலே சர்க்கரை இறங்கிவிடும், மாத்திரை வேண்டியதில்லை என்றார்கள், ஐயா” என்றார். மாத்திரையை நிறுத்திவிட்டார். நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி முன்பே குன்றியிருந்தது. குழித்தறியின் மிதிகட்டையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி விரலைக் கிழித்ததை அவர் உணரவே இல்லை. மனைவியார் பாயில் ரத்தக் கறையைக் கண்ட பிறகே தெரிந்தது.

நெசவாளருக்குக் காலும் கண்ணும் மூலதனம் என்று சொல்ல வேண்டியதில்லை. நீரிழிவு குறிவைப்பதும் அவ்விரண்டையே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான பேராய்வு, நம் நாட்டில் வயது வந்தோருள் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் என்று பொருள். ஆகவே சீனிக்கு மாற்றாக ஓர் இலை வந்திருக்கிறது என்னும் செய்தி நம் அங்கத்தினரிடையே பரவுவதில் வியப்பில்லை. அச்செடியைப் பற்றி நாம் அறிந்தவற்றையும் நமது அபிப்பிராயத்தையும் ஒளிவின்றிக் கூற விரும்புகிறோம்.

பெயரில் துளசி இருப்பினும் இது துளசி இனம் அன்று. சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீவியா என்னும் சிறு செடி. பிறப்பிடம் தென்னமெரிக்காவின் பராகுவே நாடு. அங்குள்ள குவாரனிப் பழங்குடியினர், தாம் பருகும் ‘மாத்தே’ என்னும் கசப்பான பானத்திற்கு இனிப்பூட்ட இதன் இலையைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்தனர். பெர்த்தோனி என்னும் தாவரவியலார் 1899-இல் இதை நூல்முறைப்படி விவரித்தார். 1931-இல் பிரெஞ்சு இரசாயனிகள் இருவர் இலையின் இனிப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1970-களில் ஜப்பானியர் அதை வாணிபப் பொருளாக்கினர். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம், தூய்மைப்படுத்திய சாரத்தைக் குறிப்பிட்ட உணவுப் பொருள்களில் சேர்க்க 2015-இல் இசைவளித்தது.

உலர்ந்த இலை சீனியைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு இனிக்கும். பிரித்தெடுத்த சாரமோ இருநூறு முந்நூறு மடங்கு. இவ்வினிப்பை நம் உடல் சர்க்கரையாகச் செரிப்பதில்லை. குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்க, ஈரல் அதை மாற்றியமைக்க, சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. இரத்தச் சர்க்கரை அதனால் ஏறாது, பல்லும் சொத்தையாகாது. மெய்யான நற்குணங்கள் இவை. ஆனால் ஏற்றாதிருப்பது வேறு, ஏறியதை இறக்குவது வேறு. அந்நெசவாளர் குழப்பிக்கொண்டது இங்கேதான். சீனித்துளசி சீனிக்கு மாற்று, மாத்திரைக்கு மாற்றன்று.

சீனியை மாற்றுவதனால் என்ன இலாபம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. நாளொன்றுக்கு ஆறு தம்ளர், தம்ளருக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு 5 கிராம் என வைத்துக்கொண்டால் 60 கிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 22 கிலோ, தேநீரில் மட்டும், ஒருவருக்கு மட்டும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிய அளவின்படி, நாளுக்கு 2,000 கலோரி உண்பவர், தேனும் பழச்சாறும் உட்பட எல்லா வகையிலும் சேர்த்து 50 கிராமைத் தாண்டலாகாது. 25 கிராமோடு நிறுத்துவது மேலும் நன்று. தறியில் அமர்ந்தவாறே நாளைக் கழிப்பவருக்கு அந்த 60 கிராம் பெரும் சுமையே.

இனி, வீட்டில் இதைப் பயன்படுத்தும் முறை. நம் இல்லத்தில் முதன்முறை செய்தபோது, சீனி போடும் கை அளவில் ஒரு கரண்டி இலைத்தூளைப் பாலுடன் கொதிக்கவிட்டோம். அன்னையார் ஒரு மடக்கு அருந்தி, “இது கஷாயம்” என்று தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். பிழை நம்முடையதே. ஒரு தம்ளருக்கு ஒரு சிட்டிகைத் தூள், அல்லது இரண்டு மூன்று பச்சை இலைகள் போதும். அதையும் அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் போட்டு மூடி, சில நிமிடம் கழித்து வடித்துவிட வேண்டும். நெடுநேரம் கொதித்தால் பச்சை வாடையும் கசப்பும் ஏறும். நாவின் பின்புறம் அதிமதுரம் போன்ற ஒரு சுவை தங்குவதை முற்றிலும் தவிர்க்க இயலாது. இஞ்சியோ ஏலமோ சேர்த்தால் அது பெரிதும் மறையும்.

பாயசத்திற்கு ஒருவாறு ஒத்துவரும். ஆனால் சீனி இனிப்பு மட்டும் தருவதன்று. பருமனும் பாகும் பளபளப்பும் தருவதும் அதுவே. இலையில் பாகுபதம் வராது. அதிரசம், மைசூர்ப்பாகு, கடலைமிட்டாய் ஆகியவற்றை இதைக் கொண்டு செய்ய முயல்வோர் மாவையும் நெய்யையும் இழப்பர். தீபாவளிக்கு அதிரசம் வேண்டுமானால் வெல்லத்திலேயே செய்து, ஒன்று உண்டு நிறுத்துவதே நேர்மையான வழி.

செடியைத் தொட்டியிலேயே வளர்க்கலாம். விதை முளைப்பது அரிது. கிளைத்துண்டு நடுவதே எளிது. வேரில் நீர் தேங்கினால் அழுகும். பகற்பொழுது குறுகினால் பூக்கும் இயல்புடையதாகையால், பகல் அதிகம் நீளாத நம் பகுதியில் விரைவிலேயே மொட்டு வைத்துவிடும். பூத்தபின் இலையின் இனிப்புக் குறையும். எனவே மொட்டுக் காணுமுன் கொய்து, விரைவாக உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

தீங்கு உண்டா எனக் கேட்பர். தூய்மைப்படுத்திய சாரத்திற்கு நிபுணர் குழு 2008-இல் ஓர் அளவு வகுத்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஸ்டீவியோசைடு என்னும் சாரமாகக் கணக்கிட்டால் அது நாளுக்கு ஏறத்தாழ 600 மில்லிகிராம். இனிப்பில் சுமார் 150 கிராம் சீனிக்கு அது ஈடு. தேநீர் குடிப்பவர் எவரும் அவ்வளவைத் தொடமாட்டார். பச்சையிலை பற்றிய ஆராய்ச்சி அவ்வளவு விரிவானதன்று. அமெரிக்க அரசு சாரத்தை ஏற்றும், முழு இலையை இனிப்பூட்டியாக விற்க ஏற்கவில்லை. ஆகவே சிட்டிகை அளவோடு நிற்பதே நன்று. கருவுற்ற மாதரும், இரத்த அழுத்தத்திற்கோ நீரிழிவுக்கோ மருந்துண்போரும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

இலையைவிட நாம் அஞ்சுவது கடைப் பொட்டலத்தையே. மேலே பச்சை இலைப் படம். உள்ளே பெரும்பகுதி மால்ட்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் என்னும் மாவுச் சரக்கு இருப்பதுண்டு. சாரம் மிகச் சிறிதளவே தேவைப்படுவதால் கரண்டியில் அள்ளத்தக்க பருமனுக்காக அவற்றைச் சேர்க்கின்றனர். அவை இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவை. பின்புறத்துச் சிறிய எழுத்துகளைப் படித்த பின்னரே நம் கூட்டுறவுப் பண்டகசாலைகள் அத்தகைய பொட்டலங்களை அடுக்கில் வைக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. கண் மங்கிய முதியவர் அவ்வெழுத்துகளைப் படிப்பார் என எதிர்பார்ப்பது முறையன்று.

இவ்விடத்தில் மற்றொரு மயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் “சீனியல்ல, ஆகவே கெடுதலில்லை” என்று நம்பி, நீரிழிவுக்காரர் கைநிறையப் போட்டுக்கொள்வதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். மணமும் சில தாதுப் பொருள்களும் அவற்றில் உண்டுதான். பனைத் தொழிலாளர் சங்கங்கள் வாழ வேண்டும் என்பதில் நமக்கு எவருக்கும் இளைத்த ஆர்வமில்லை. ஆயினும் அவற்றின் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். நோயில்லாதவர் அளவோடு உண்ணட்டும். நோயாளிக்கு அது மாற்று ஆகாது.

இவ்வளவும் கூறிய பின், சீனிக்குப் பதில் சீனித்துளசியை அதே இனிப்பில் ஆயுள் முழுதும் குடித்து வரலாமா? கூடாதென்றே கருதுகிறோம். உடல் எடையைக் குறைக்கவோ நோய்களைத் தடுக்கவோ இத்தகைய மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஸ்டீவியாவும் அதில் அடங்கும். முன்பே நீரிழிவு உள்ளோரைப் பற்றியதன்று அப்பரிந்துரை. மற்றவர்களுக்கு அது பொருந்தும். நாக்கு கடும் இனிப்புக்கு அடிமையாகவே இருந்தால், தேநீரில் மிச்சம் பிடித்ததைப் பொறையிலும் மிக்சர் கடை ஜிலேபியிலும் செலவிட்டுவிடும். இலையை ஏணியாகக் கொள்ளலாம். முதல் மாதம் சீனி பாதி, இலை பாதி. அடுத்த மாதம் இலை மட்டும். பின்னர் இலையையும் குறைத்து, தேயிலையின் சுவையே தெரியும்படி வருதல். நமக்கு இதற்கு நான்கு மாதங்கள் ஆயின. முதல் பத்து நாள் எரிச்சலோடுதான் இருந்தோம். அந்நாள்களில் தணிக்கைக்கு உள்ளான சங்கங்கள் நம்மை மன்னிக்க.

கரும்பு விளைவிக்கும் அங்கத்தினர் சிலர் இதைப் படித்து முகம் சுளிக்கக்கூடும். கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு அளிப்போரிடம் சீனியைக் குறைக்கச் சொல்வது துணிச்சல்தான். ஆனால் கரும்புக்கு உரிய விலையும் நிலுவையும் கிடைப்பதற்காக நாம் போராட வேண்டிய இடம் ஆலை அலுவலகமேயன்றி நோயாளியின் தேநீர்த் தம்ளரன்று.

கரும்பை விட்டுச் சீனித்துளசிக்கு மாற எண்ணும் விவசாயிகளுக்கும் ஒரு சொல். ஏக்கருக்குப் பல்லாயிரம் நாற்று வேண்டும். நாற்றை விற்பவரே இலையையும் வாங்கிக்கொள்வதாக வாக்களிப்பார். நாற்று விலையைப் பெற்றுக்கொண்டு, இலை காய்ந்து மூட்டையான பின் தொலைபேசியையும் எடுக்காத ஒரு வியாபாரியின் கதையை நமது சரகத்திலேயே கேட்டோம். உலகச் சந்தையில் சீன இலையுடன் போட்டியிட வேண்டும். இப்போது ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டு தொட்டிகளில் நொதிக்கச் செய்தே இவ்வினிப்பைத் தயாரிக்கவும் தொடங்கிவிட்டனர். எழுத்து மூலமான ஒப்பந்தம் இன்றி ஒரு சென்ட் நிலத்திலும் நட வேண்டாம். கொல்லையில் இரண்டு தொட்டி, அதற்கு எவர் ஒப்பந்தமும் வேண்டா.

அந்நெசவாளர் மீண்டும் தறியில் அமர ஐந்து மாதங்கள் ஆயின. வலக்காலில் சிறுவிரலை எடுத்துவிட்டனர். மிதிகட்டையில் ஆணிக்குப் பதில் கயிறு கட்டியிருக்கிறார். சென்ற முறை சென்றபோது இலைத் தேநீர் கொடுத்தார். இனிப்பு இலேசாகவே இருந்தது. மாத்திரை அட்டையைத் தறிமேடையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நூல் கணக்கும் நேராகிவிட்டது.