வேகமான உலாவி எது? யாருக்கு?

"எந்த பிரவுசர் வேகம்?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். உடனே ரெண்டு கட்சி உருவாகிவிடும், குரோம் கட்சி ஒன்று, நெருப்புநரி கட்சி ஒன்று. ரஜினி-கமல் சண்டை மாதிரிதான், தீராது. ஸ்பீடோமீட்டர் சோதனையில் வந்த மதிப்பெண்ணை ஒருத்தர் காட்டுவார், இன்னொருத்தர் வேறு சோதனையைக் காட்டுவார். என்னைக் கேட்டால் இந்த மதிப்பெண்களை வைத்து நம் வீட்டுக் கணினிக்கு உலாவி தேர்ந்தெடுக்க முடியாது.

ஏனென்றால் பாதிப் போட்டி அண்ணன் தம்பிக்குள் நடக்கிறது. ஓபரா 2013-லேயே சொந்த எஞ்சினை விட்டுவிட்டு குரோமியம் பக்கம் போய்விட்டது. 2020 ஜனவரியில் எட்ஜும் வந்து சேர்ந்தது. நம்ம ஸோஹோ 2023-ல் வெளியிட்ட 'உலா'வும் குரோமியம்தான். எஞ்சின் ஒன்று, பாடி மட்டும் வேறு வேறு. அப்படியானால் வித்தியாசம் எங்கே? மேலே எவ்வளவு சுமை ஏற்றியிருக்கிறார்கள் என்பதில்.

இந்தச் சுமை எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிக்காது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம். அக்கா வாங்கியது, பிறகு தம்பி படித்தது என்று திருவாலங்காடு பக்கம் சில இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. டேபுகளைத் தனித்தனி புராசஸாகப் பிரிக்கும் குரோமின் ஏற்பாடு 2008-ல் வந்தபோது அருமையான யோசனை. ஒரு பக்கம் செத்தாலும் மற்றவை பிழைக்கும். ஆனால் அதற்கான கூலியை ரேமில் கொடுக்க வேண்டும். 16 ஜிபிக்காரருக்கு அது தெரியாது, 2 ஜிபிக்காரருக்கு நாலாவது டேபிலேயே தெரிந்துவிடும். போதாக்குறைக்கு விண்டோஸ் 7-க்கு குரோம் 109-தான் கடைசி. 2023 பிப்ரவரியோடு அந்தக் கதவும் மூடிவிட்டது.

அதற்காக, புதிதாகச் சேர்ப்பதெல்லாம் கொழுப்பு என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. பழைய ஆட்களைக் கேளுங்கள். ஃபயர்பாக்ஸ் 2-ல் இருபக்கமும் சீராக்கிய தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனச் சிதறும். 2008-ல் ஃபயர்பாக்ஸ் 3 வந்துதான் அது தீர்ந்தது. அந்தக் கால ஓபரா மினியில் அமைப்புப் பக்கத்துக்குப் போய் 'பிட்மேப் எழுத்துரு'வை 'எஸ்' என்று மாற்றினால் சர்வர் தமிழ் எழுத்துகளைப் படமாக்கி அனுப்பும். பக்கம் கனமாகும், மெதுவாகும்... ஆனால் படிக்க முடியும்! ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு இது தேவையில்லாத கூடுதல் வேலை. நமக்கு இது இல்லாமல் உலாவியே இல்லை.

எதைக் கொழுப்பு என்பேன் தெரியுமா? 2021-ல் எட்ஜுக்குள் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று கடன் வசதியைக் கொண்டுவந்தார்களே, அதை. (அமெரிக்காவுக்குத்தான், இருந்தாலும் பிரவுசருக்குள் தவணைக் கடையா?) மறுபக்கம், டேட்டாவை மிச்சப்படுத்திய குரோமின் லைட் மோடை 2022 மார்ச்சில் எடுத்தே விட்டார்கள். டேட்டா மலிந்துவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ரயில் கடம்பத்தூர் தாண்டியதும் சிக்னல் ஒரு கோடாகும்போது பக்கம் சின்னதாக வருவதுதான் வேகம், அங்கே டேட்டா விலை எவ்வளவாக இருந்தால் என்ன!

இதில் ஃபயர்பாக்ஸையும் விடமாட்டேன். மொசில்லா தொகுப்பு ரொம்பப் பருத்துவிட்டது என்று 2002-ல் 'பீனிக்ஸ்' என இளைத்துப் பிறந்த பிள்ளை அது. இன்று அதன் முகப்பிலும் விளம்பரக் கட்டங்கள். நல்லவேளை, அமைப்பில் போய் அணைக்கலாம்.

உங்களிடமும் பழைய கணினி இருந்தால், உலாவியை மாற்றும் முன் குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் ரெண்டையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி தின்கிறது என்று பட்டியல் வரும். எப்போதோ போட்டு மறந்த கூப்பன் எக்ஸ்டென்ஷன் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள் :-)