காரைத் தாழ்த்துவோர் கவனத்திற்கு

கார் வாங்கும் வாலிபர்களில் சிலர், அதன் ஸ்பிரிங்குகளை மாற்றி, வண்டியைத் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்த்திக்கொள்வதில் மோகம் கொண்டிருக்கிறார்கள். இதை வெறும் ஆடம்பரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. இதில் நியாயமும் உண்டு, அபாயமும் உண்டு. இரண்டையும் பகுத்தறியாமல் பணத்தோடு பிராணனையும் பணயம் வைப்பதையே நாம் கண்டிக்கிறோம்.

முதலில் நியாயத்தைப் பார்ப்போம். பாரமையம் தாழ்ந்தால், வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்குப் பாரம் மாறுவது குறையும். ஆனால் எவ்வளவு குறையும்? 550 மில்லிமீட்டர் உயரத்தில் பாரமையமுள்ள காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால், சுமார் நூற்றுக்கு ஐந்து பங்குதான் குறையும்.

இந்தச் சொற்ப லாபத்திற்குக் கொடுக்கும் விலையோ பெரிது. சக்கரம் மேலெழும்ப இருந்த இடம் குறுகிவிடுகிறது. குறுகிய இடத்திற்குள் அதே அதிர்ச்சியைத் தாங்க, ஸ்பிரிங் கடினமாக இருத்தல் வேண்டும். கடினமான ஸ்பிரிங்கின் துள்ளலைப் பழைய ஷாக் அப்சார்பர் அடக்காது. சிறிய கார்களின் முன்பக்கத்தில் பெரும்பாலும் காணப்படும் மாக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், அளவு மீறித் தாழ்த்தினால் வண்டி சாய்ந்தாடும் மையம் பாரமையத்தைவிட அதிகமாகக் கீழிறங்குகிறது. சாய்வைக் குறைக்கச் செய்த காரியம், சாய்வை வளர்க்கும் காரியமாய் முடிகிறது. சக்கரங்களின் கோணமும் மாறி, டயர்கள் ஒருபக்கமாய்த் தேய்கின்றன.

நமது தெருக்களின் நிலைமையோ யாவரும் அறிந்ததே. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையது. நம் தெருக்களில் எழுப்பப்படும் மேடுகள் பல அந்த அளவைக் கனவிலும் கண்டதில்லை. அவற்றில் அடிவயிறு இடிக்கும் காருக்கு அழகு எங்கே?

எல்லாவற்றிலும் மோசமானது, செலவை மிச்சம் பிடிக்கப் பட்டறையில் ஸ்பிரிங்கின் சுற்றுகளை அறுத்துவிடும் வழக்கமாகும். அறுத்த முனை தன் இருக்கையில் சரிவர அமராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அது நழுவக்கூடும். நெருப்பால் அறுத்தால் எஃகின் பதமும் கெடும். இது சிக்கனமல்ல, தற்கொலை முயற்சி.

ஆகவே நாம் சொல்லும் யோசனை இதுதான். தேய்ந்த டயர், ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை முதலில் புதுப்பியுங்கள். பலருடைய குறை அத்துடன் தீர்ந்துவிடும். ஸ்பிரிங் மாற்றியே தீரவேண்டுமென்றால், அதற்கிசைந்த ஷாக் அப்சார்பருடன் சேர்த்து ஒரே தொகுதியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு சக்கரக் கோணத்தையும் முகப்பு விளக்கின் நோக்கையும் சரிபார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. தடையை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் தடை மட்டுமே இருந்தால், நல்ல ஸ்பிரிங்கைத் தேடுபவனும் அறுத்த ஸ்பிரிங்கை மாட்டுபவனும் ஒரே குற்றவாளிகளாகிறார்கள். இருவரும் இருளில்தான் வேலையை முடிப்பார்கள்.

ஜெர்மனியில் இத்தகைய ஸ்பிரிங்குகள் பரீட்சைச் சான்றுடன் விற்கப்படுகின்றன. நிபுணர் வண்டியைச் சோதித்த பின் மாற்றம் பதிவாகிறது. நம் நாட்டிலேயே, அங்கீகாரம் பெற்ற எரிவாயுச் சாதனத்தைப் பொருத்திப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வழி உண்டு. மாற்றங்களுக்கு நிபந்தனை வகுக்க மத்திய சர்க்காருக்கு 2019ஆம் வருஷத்துத் திருத்தம் அதிகாரமும் அளித்திருக்கிறது. புனாவிலும் ஒரகடத்திலும் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. பரீட்சித்த ஸ்பிரிங்கிற்குச் சான்று, அறுத்த ஸ்பிரிங்கிற்குத் தண்டனை என்று விதி செய்வதில் என்ன தடை? சர்க்கார் இதைக் கவனிப்பார்களாக. அதுவரை நம் வாலிபர்கள் பொறுமை காப்பார்களாக.